அக்கா நிரையில் ஒரு டாங்கி

திங்கட்கிழமை காலையில் வீட்டுச் சாவியை எஸ்டேட் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் நான் ஏலப்பாறையில் இறங்கி, ஜீப் பிடித்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஒரு கரண்டியைக்கூட எடுத்துக் கட்டியிருக்கவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் துணி கிடந்தது, அந்த மழையில் எவ்வளவு காயுமோ அவ்வளவு காய்ந்து. சுவரில் அக்காவின் படமும் மாட்டியபடியே இருந்தது.

லயம் என்பது தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் வீடு. ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். வீட்டில் ஒருவர் பேராவது தோட்டத்துப் பதிவில் இருக்க வேண்டும், இருக்கும்வரை அங்கே குடியிருக்கலாம். அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா பேரில் வீடு நின்றது. அம்மாவுக்கு ஓய்வு வரும்போது தொடர்ந்து நிற்க வேண்டுமே என்று அக்கா பதினெட்டு வயது முடிந்த மாதமே பேர் கொடுத்தாள். போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், அவளும் அப்படித்தான் நினைத்தாள். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது அவள் கண்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. நான் வேலை பார்க்கும் கஞ்சிக்கோட்டிலிருந்து பொள்ளாச்சி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இந்த வருடம் அம்மாவுக்கு ஓய்வு. பதிவில் எங்கள் வீட்டுப் பேர் ஒன்றும் இல்லை.

"நான் வந்து பேர் குடுக்கட்டுமாம்மா?" என்று போனில் கேட்டேன். நிஜமாகத்தான் கேட்டேன். கஞ்சிக்கோட்டில் ஒரு பாக்டரியில் எனக்கு மெஷின் பராமரிப்பு வேலை. இரண்டு அறை வாடகை வீடு. அதை விட்டுவிட்டு வருவதற்கு அன்றைக்கு நான் தயாராகவே இருந்தேன்.

"கொழுந்து எடுக்கதுக்கா ஒன்னயப் படிக்க வச்சா அவ?" என்றாள் அம்மா. "போன வையி."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்படி முடித்ததில் எனக்கு எவ்வளவு பங்கு, அக்காவுக்கு எவ்வளவு பங்கு என்று அம்மாவிடம் கேட்டால் அவள் யோசிக்காமல் பதில் சொல்வாள்.

அதனால் பேச்சு முடிந்தது. அம்மா என்னோடு கஞ்சிக்கோட்டுக்கு வர வேண்டும். வருகிறேன் என்று வாயால் சொல்லியும் இருந்தாள். ஆனால் வந்து பார்த்தால் வீடு அப்படியே இருக்கிறது.

"எப்பம்மா கட்டப் போறோம்?"

"சோறு தின்னு மொதல்ல."

தின்றேன். அதன்பிறகும் அவள் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. நானாவது ஆரம்பிக்கலாம் என்று அடுப்படிக்கு மேலே இருந்த பரணில் ஏறினேன். நாலாபுறமும் உடைந்த கொழுந்துக் கூடை, மழைக்குப் போர்த்துகிற கம்பிளி, என்னுடைய பழைய பாடப் புத்தகங்கள். அவற்றுக்கெல்லாம் முன்னால், கைக்கு எட்டுகிற இடத்தில், ஒரு அரிசிப் பை. உள்ளே டிவி கேம்.

வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டிருந்தது. கையில் பிடிக்கிற ரிமோட் இரண்டும் வயரைச் சுருட்டி, சேலைக் கிழிசலால் முடிச்சுப் போட்டு வைக்கப்பட்டிருந்தன. மஞ்சள் கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில். ஒன்றின் மேல் ஒட்டியிருந்த படம் விரல் பட்டுப் பட்டு வெறும் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது.

அது அக்கா தன் முதல் போனசில் வாங்கியது. அவள் தனக்குக் கம்மல் வாங்குவாள் என்று அம்மா நினைத்திருந்தாள். டவுனுக்குப் போனவள் குடைக்குள் இந்தப் பெட்டியை அணைத்துக்கொண்டு, தான் நனைந்து வந்து சேர்ந்தாள். நான் அப்போது ஹைஸ்கூல். கூடப் படித்த ஒருவன் வீட்டில் கம்ப்யூட்டர் கேம் பார்த்திருந்தேன். அதில் மனிதர்களுக்கு முகம் இருந்தது, நிழல் இருந்தது, ஓடினால் மூச்சு வாங்கியது. அக்காவின் கேசட்டில் இருந்ததோ கணக்கு நோட்டுக் கட்டத்தில் யாரோ வரைந்தது போல ஒரு டாங்கி. சின்னச் சதுரம், அதற்கு ஒரு மூக்கு. இரண்டு நாள் விளையாடினேன். மூன்றாம் நாள் புத்தகத்துக்குப் போய்விட்டேன்.

"ரெண்டாவது ஆளு இல்லாம இதுல ஒண்ணும் பண்ண முடியாதுடா. ஒரே ஒரு ஆட்டம், வாடா."

"பரீட்சை இருக்குக்கா."

பரீட்சை இருந்தது உண்மைதான். அந்தச் சொல்லைச் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது, டிவி சத்தத்தைக்கூடக் குறைத்துவிடுவார்கள். அக்கா சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டு, ஊமைப்படம் போலத் தனியாக விளையாடுவாள். பிறகு நான் ஹாஸ்டலுக்குப் போனேன், பாலிடெக்னிக் போனேன், வேலைக்குப் போனேன். கையில் போன் வந்தது. போனில் எத்தனையோ கேம். அந்தப் பெட்டி என்ன ஆனது என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

தூக்கிப் போடுவதா எடுத்துப் போவதா என்று முடிவு செய்யத்தான் அதை டிவியில் மாட்டினேன். அக்கா போன பிறகு அம்மா டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் செய்யவில்லை, டிவியின் மேல் ஒரு துண்டு கிடந்தது. பின்பக்கம் கனத்த பழைய டிவி. வயரைச் செருகி, கேசட்டின் வாயில் ஊதி, உள்ளே அழுத்தினேன். நீலத் திரை ஆடியது. மறுபடி ஊதினேன். சட்டென்று அந்தச் சின்ன ராகம், டிர்ரிட்டிட்டி என்று, வீடு முழுக்க.

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டது.

ஆட்டம் இவ்வளவுதான். திரைக்குக் கீழே நடுவில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றிச் செங்கல் சுவர். மேலே மூன்று இடத்திலிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வந்துகொண்டே இருக்கும். நம்மைச் சுட்டால், கையிருப்பு தீரும்வரை நமக்கு இன்னொரு டாங்கி கிடைக்கும். எதிரிகள் அத்தனையையும் ஒழித்தால் அடுத்த திரை வரும். பறவையைச் சுட்டால் ஆட்டம் தீர்ந்தது. வேறு கதை இல்லை.

நான் போனில் விளையாடுகிற கேமைத் திறந்தால் முதலில் அப்டேட் கேட்கும். பிறகு இன்றைக்கு வந்ததற்குப் பரிசு என்று ஒரு பெட்டி ஆடும். துப்பாக்கிக்குப் புதுச் சட்டை, அதற்கு விலை, விளம்பரம். கடைசியில் ஆட்டம் தொடங்கினால் எந்த ஊரோ தெரியாத ஒரு பையன் காதுக்குள் இந்தியில் என் அம்மாவைத் திட்டுவான். இங்கே பொத்தானை அழுத்தினேன், டாங்கி வந்து நின்றது. அவ்வளவுதான். அது என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

உடனே தோற்றேன். மறுபடி போட்டேன். இந்த முறை என் பறவையை நானே சுட்டேன். எதிரியைத் துரத்திக்கொண்டு கீழே வந்தவன் செங்கல் போன இடத்தில் நேராக நின்று அழுத்திவிட்டேன். கீழிருந்து 'கேம் ஓவர்' என்று சிவப்பு எழுத்து மெல்ல மேலே ஏறி வந்தது. யார்மேல் பழி போடுவது? நெட்வொர்க் மேலா? நானே சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் நான் சிரித்து வெகுகாலமாகியிருந்தது, சத்தம் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

மழைச் சத்தத்தைக்கூட மறந்து விளையாடினேன். சுவர் முழுதாக உடையாது, சுடச் சுடக் கால் கால் பாகமாகத் தேயும், அந்தப் பாதிச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கலாம் என்று கண்டுபிடித்தேன். செடிக்குள் புகுந்தால் நம் டாங்கி நமக்கே தெரியாது, நினைவில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். இரண்டு குண்டு நேருக்கு நேர் மோதினால் இரண்டும் காணாமல் போகும். இத்தனை சின்னச் சதுரத்துக்குள் இவ்வளவையும் யோசித்து வைத்தவர் யாரோ என்று மலைத்தேன். அதே ஆட்டம், அதே திரை. ஹைஸ்கூலில் படித்த நான் இதில் எதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

டப்டப்பென்று டாங்கிகள் வெடித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அடுத்த வீட்டு அத்தை.

"ஏ மதினி! யாரு அங்க கோழி காக்கது? ஒன் ஆட்டம் மாதிரி தெரியலயே. இப்படி டப்பு டப்புனு சாவுதாக!"

அம்மா அடுப்படியிலிருந்தே, "ஒம் மருமவன்தான்" என்றாள்.

"அதான பாத்தேன். படிச்ச ஆட்டம்!"

நான் ரிமோட்டை வைத்துவிட்டு அடுப்படி வாசலுக்குப் போனேன். "ஒன் ஆட்டம்ங்காங்க அத்த. நீ இத வெளையாடுவியாம்மா?"

அம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "ஞாயித்துக்கெழம வேற என்ன சோலி."

அத்தை மறுநாள் காலையில் கட்டன்சாயாவோடு வந்து மீதியைச் சொன்னாள். நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒரு மழைநாளில் அக்கா அம்மாவின் கையில் இரண்டாவது ரிமோட்டைத் திணித்திருக்கிறாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறியதில்லை. பறவைக்குக் கோழி என்று பேர் வைத்தது அம்மா. எதிரி டாங்கிகளுக்குப் பன்னி. மலையிலிருந்து காட்டுப் பன்னி இறங்கி மரவள்ளியைத் தோண்டுகிற மாதிரி இதுவும் மேலேயிருந்துதானே இறங்குகிறது. நடுநடுவே திரையில் மின்னுகிற பொருட்களில் மண்வெட்டி ஒன்று வரும், எடுத்தால் கோழியைச் சுற்றியுள்ள சுவர் கொஞ்ச நேரத்துக்கு இரும்பாகும். "மம்பட்டி! மம்பட்டி!" என்று இரண்டு பேரும் கத்துகிற கத்தலில் தன் வீட்டுச் சுவரில் மாட்டிய கண்ணாடி ஆடும் என்றாள் அத்தை.

"ஒரு நாளு வெளிய நின்ன ரோடு வேலக்காரன் உள்ளயே வந்துட்டான் மருமவனே, மம்பட்டி கேக்காகளோன்னு!"

"பொய்யி" என்றாள் அம்மா.

"நீ கள்ளாட்டம் ஆடுனதும் பொய்யா? மகளச் சுட்டுட்டு, கை தவறிப்போச்சுன்னு சொல்லுவா மருமவனே இவ. கூட்டாளி குண்டு பட்டா அந்தப் பிள்ள டாங்கி அசையாம நிக்கும். இவ போயி மம்பட்டிய எடுத்துக்கிடுவா!"

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் வாயை மூடியிருந்த முந்தானைக்கு மேலே கண் சிரித்தது. அத்தையும் அதைப் பார்த்தாள். பார்த்தவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து போய்விட்டாள்.

"வாம்மா. ஒரே ஒரு ஆட்டம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்குக் கேட்டதுமே தெரிந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டிவிக்கு முன்னால் வலது பக்கமாக உட்கார்ந்தாள். இடது பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பாய் காலியாக இருந்தது. அங்கே நான் உட்கார்ந்தேன்.

அம்மா ஆடியதைச் சொல்ல வேண்டும். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, குனியாமல், கொழுந்து எடுக்கிற மாதிரியே இரண்டு கட்டைவிரலையும் ஓட்டினாள். திரையைப் பார்க்கிறாளா, அதற்கு அப்பால் எதையோ பார்க்கிறாளா என்று தெரியாது. அவளுடைய பச்சை டாங்கி வலது பக்கத்தில் மேலும் கீழுமாகப் போய் வந்தது, ஒரு பன்னி தப்பவில்லை. என் மஞ்சள் டாங்கி எல்லா இடத்திலும் ஓடியது. எதிரி எங்கே தெரிந்தாலும் நான் அங்கே பாய்ந்தேன், அம்மாவின் பக்கத்திலும்தான். அவள் குண்டுக்குக் குறுக்கே போய் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றேன்.

"எய்யா, ஒன் நெரையில நில்லு. ஏன் எங்கிட்டு வார?"

அப்போதுதான் புரிந்தது. தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆளுக்கு ஒரு நிரை பிரித்து விடுவார்கள். அவரவர் நிரையில் அவரவர் கொழுந்தெடுத்துக்கொண்டு ஏற வேண்டும், பக்கத்து நிரையில் கை வைக்கக் கூடாது. வேலை செய்த காலமெல்லாம் அம்மா அப்படித்தான் நின்றிருக்கிறாள். திரையையும் நடுவில் கோழியிலிருந்து மேலே கோடு கிழித்து இரண்டு நிரையாக்கி வைத்திருக்கிறார்கள் அம்மாவும் மகளும். வலது அம்மாவுக்கு, இடது அக்காவுக்கு.

நான் என் நிரைக்குள் நிற்கப் பழகினேன். நிற்க நிற்க ஆட்டம் வேறு மாதிரி ஆனது. வலது பக்கத்தை நான் பார்க்கவே வேண்டாம், அங்கே ஆள் இருக்கிறது. போனில் எத்தனையோ பேரோடு சேர்ந்து விளையாடியிருக்கிறேன். ஒருவர் மேலும் எனக்கு அந்த நம்பிக்கை வந்ததில்லை. தோளோடு தோள் உரச, ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு, பேசாமல் விளையாடினோம். ஒரு திரை முடிந்து அடுத்தது வருவதற்கு முன்பே அம்மா சொல்லிவிடுவாள். "அடுத்தது தண்ணி. ஓரமா ஏறு." "இதுல செடிக்குள்ள ஒளிஞ்சி வருவான்."

ஒரு பழக்கத்தில் நான் திரை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். என் போன் கேமில் எல்லாம் பதிவாகும். யார் கடைசியாக எப்போது வந்தார், எத்தனை ஆட்டம் ஜெயித்தார், எல்லாம். இங்கே ஓரத்தில் அக்காவின் மதிப்பெண் ஏதாவது நிற்குமோ என்று பார்த்தேன். இல்லை. சுவிட்சை அணைத்தால் இந்தப் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். அடுத்த முறை போடும்போது கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கி வந்தது போல இருக்கும். அக்கா ஆடிய ஆட்டத்தில் மிச்சமிருந்தது, அம்மா நிற்கிற இடம் மட்டும்தான்.

நடுவில் என் டாங்கிகள் எல்லாம் தீர்ந்துபோயின. அம்மா தனியாக நின்றாள். அப்போது இடது பக்கமாக ஒரு பன்னி இறங்கியது. மெதுவானதுதான், ஒரு தட்டுத் தட்டினால் போதும். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நகரவில்லை.

"அம்மா, அங்கிட்டுப் போ!"

அவள் வலது பக்கத்துக் கடைசிக் கட்டத்தில் நின்று மேல்நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தாள். பன்னி வந்தது, சுவரைக் கால் கால் பாகமாகத் தின்றது, கோழி போயிற்று. சிவப்பு எழுத்து ஏறியது.

"ரெண்டு கட்டம் நகர்ந்தாப் போதுமேம்மா."

"அது அவ நெரை."

"அவ..." என்று தொடங்கி நான் நிறுத்திக்கொண்டேன்.

"ஆளு வராத நெரையில நாமளா எறங்கக் கூடாது. சூப்பர்வைசரு வேற ஆள விடுத வரைக்கும் அது அப்படியேதான் கெடக்கணும்." பிறகு சொன்னாள்: "அவ போனப்பவும் அப்படித்தான கெடந்துச்சு. என் நெரைக்கு அடுத்த நெரை. கொழுந்து முத்திப்போயி எல எலயா நிக்கி. நான் பாத்துக்கிட்டே ஏறுதேன், பாத்துக்கிட்டே எறங்குதேன். பொறவு அந்த ஜார்க்கண்டுப் பிள்ளய விட்டாக."

"அது ஒழுங்கா எடுக்குதா?"

"நல்லாத்தான் எடுக்கு. சின்னப் பிள்ள. குத்தம் சொல்ல முடியாது." குத்தம் சொல்ல முடியாததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது போல.

அந்தப் பெண்ணுக்கும் அவள் புருஷனுக்கும்தான் இந்த வீட்டையும் கொடுத்திருக்கிறார்கள். அத்தை காலையிலேயே என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் அந்தப் பெண்ணே வந்தாள். நனைந்த குடையோடு வாசலில் நின்று, உள்ளே காலை வைக்காமல், "அம்மா... பாக்க?" என்றாள். வீட்டைப் பார்க்கலாமா என்கிறாள். கட்டிய சாமான் ஒன்றுகூட இல்லாததைக் கண்டு அவள் முகம் மாறியது. "நாளை வரேன்" என்று திரும்பினாள்.

"வா" என்றாள் அம்மா.

எழுந்து அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். நான் பாயில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அடுப்ப இங்கன வைக்காத. ஒழுகும். ஒழுகும், தண்ணி, மேல. பானி, பானி."

"ஆங், பானி."

"இங்கன வையி. வெறக அந்தப் பக்கம் அடுக்கு. கதவு மழைக்கு ஊதிக்கிடும், தூக்கித் தள்ளணும். தூக்கு. ஆங், அப்படித்தான். எலி வரும். தண்ணிப் பானைய மூடி வையி. எப்பவும் மூடி வையி. மறக்காத, என்ன? மூடி வையி."

அந்தக் கடைசி வார்த்தையை அம்மா எத்தனை முறை சொன்னாள் என்று தெரியாது. அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் "சரிம்மா, சரிம்மா" என்றாள். போகும்போது சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் தலையைக் குனிந்து நின்றுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போனாள்.

அம்மா வந்து வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். "போடு" என்றாள்.

அந்த ஆட்டம் நன்றாகவே போயிற்று. அம்மா சொல்லச் சொல்ல ஏறினேன், ஒளிந்தேன், நின்றேன். தண்ணீர்த் திரை போயிற்று, செடித் திரை போயிற்று. "இதுதான் கடேசி. இதத் தாண்டவே மாட்டோம் நாங்க" என்று அம்மா சொன்ன திரையும் வந்தது. எங்கே பார்த்தாலும் இரும்புச் சுவர், கோழிக்கு மட்டும் செங்கல். அதில் நான் ஒவ்வொன்றாக எல்லா டாங்கியையும் இழந்தேன். அம்மாவின் பச்சை மட்டும் மிச்சம். மேலே இன்னும் ஒரே ஒரு பன்னி.

அது இடது பக்கமாக இறங்கியது.

அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. பன்னி ஒரு வளைவில் திரும்பியது, இறங்கியது, திரும்பியது. பச்சை டாங்கி தன் இடத்திலிருந்து ஒரு கட்டம் நகர்ந்தது. நின்றது. கோழிச் சுவருக்கு மேலே நடுக்கோட்டுக்கு வந்து, அங்கே வெகு நேரம் நின்றது போல எனக்குத் தோன்றியது. பிறகு மூக்கை இடது பக்கம் திருப்பிக்கொண்டு அந்த நிரைக்குள் போனது. அம்மா உதட்டை உள்ளுக்கு மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரே குண்டுதான்.

மதிப்பெண் கணக்கு ஓடி முடிந்தது. சாம்பல் திரை மூடித் திறந்தது. அடுத்த திரை வந்தது. அதில் என்ன வரும் என்று அம்மா முன்கூட்டிச் சொல்லவில்லை.

பச்சை டாங்கி கீழே நின்றது. மேலே பன்னிகள் கண்சிமிட்டித் தோன்றி இறங்கத் தொடங்கின. அம்மா ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டாள். கைகளை மடியில் சேர்த்துக்கொண்டு, கல்யாண வீட்டில் கோலம் பார்க்கிற மாதிரி, அந்தத் திரையை மூலை மூலையாகப் பார்த்தாள்.

"இது அவ பாக்காதது" என்றாள்.

பன்னிகள் வந்து கோழியைச் சுடும்வரை பார்த்தோம். சிவப்பு எழுத்து ஏறி நின்றது. அம்மா எழுந்து, சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, டிவி மேல் கிடந்த துண்டில் சுற்றினாள்.

"அணைச்சிரு. சாமான் கட்டணும்."

சுவிட்சில் கை வைத்தேன். அணைத்தால் எல்லாம் போய்விடும். அம்மாவும் அதை அறிவாள், அவள்தான் எத்தனையோ ஞாயிறு அணைத்திருக்கிறாள். அணைத்தேன்.

திங்கட்கிழமை காலை சாவியைக் கொடுத்தோம். டிவியையும் ஜீப்பில் ஏற்றினோம். "அந்தக் குண்டு டிவி என்னத்துக்கு மருமவனே, பழைய இரும்புக்குக்கூட எடுக்க மாட்டான்" என்று அத்தை அழுதுகொண்டே கேலி செய்தாள்.

கஞ்சிக்கோட்டில் மழை குறைவு, காற்று அதிகம். அம்மா இப்போதும் விடியும் முன்பே எழுந்து, போவதற்கு இடமில்லாமல் வாசலைக் கூட்டிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் இரண்டு ரிமோட்டையும் அவளே எடுத்து வைப்பாள், சேலைக் கிழிசலை அவிழ்த்து. வலது பக்கம்தான் உட்காருவாள். என் டாங்கிகள் தீர்ந்துபோனால் இடது பக்கத்தையும் இப்போது அவளே பார்த்துக்கொள்கிறாள், கேட்காமலே. நாங்கள் முன்னைவிட நன்றாக விளையாடுகிறோம். இரும்புச் சுவர்த் திரையைச் சுலபமாகவே தாண்டிவிடுகிறோம்.

அதற்கு அடுத்த திரை வந்ததும் அம்மா ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவாள். "போதும்யா" என்பாள். நானும் வைத்துவிடுவேன்.

அம்மா ரேஷன் கடைக்குப் போன ஒரு நாள், தனியாகவே அந்தத் திரை வரைக்கும் வந்துவிட்டேன். எனக்கு முழுசாக மூன்று டாங்கி மிச்சமிருந்தது. பன்னிகள் இறங்கின, ஆளில்லாத வலது பக்கத்திலும். நான் என் நிரையில் நின்றுகொண்டிருந்தேன்.